கம்ப்யூட்டரில் புகைப்படங்களைப் பேணும் முறை

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து என்றால் கட்டடம், கையிருப்புச் சரக்கு, பாங்கி இருப்பு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுத் தணிக்கையில் எண்ணப்படுவனவும் இவையே. ஆனால் இன்று அநேகமாக ஒவ்வொரு நெசவாளர் சங்கத்தின் கம்ப்யூட்டரிலும் ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் குவிந்து கிடக்கின்றன. நெய்து விற்றுப்போன சேலையின் கரை, முந்தி, புட்டா ஆகியவை எவ்வாறு இருந்தன என்பதற்கு இப்படங்களைத் தவிர வேறு சாட்சியம் பெரும்பாலும் இல்லை. விவசாய அங்கத்தினர்களின் செல்போன்களிலோ நடவு முதல் அறுவடை வரை எடுத்த வயற்படங்கள் இருக்கின்றன. இவை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை; தொலைந்தால் பொறுப்பேற்பாரும் இல்லை.

இவற்றின் மதிப்பு யாதென்று வினவலாம். டிசைன்கள் சட்டம், 2000-இன்படி, முன்னரே வெளியாகிவிட்ட வடிவத்தைப் புதியதென்று பதிவு செய்ய இயலாது. பதிவாகிவிட்டாலும் அதனை ரத்து செய்யக் கோரலாம். சங்கம் பல ஆண்டுகளாக நெய்து விற்கும் கரை ஒன்றை வெளியார் ஒருவர் தமதென்று உரிமை கொண்டாடினால், தேதியுள்ள படமும் அதே சேலையின் விற்பனைப் பில்லும் சங்கத்திற்குப் பக்கபலமாக நிற்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. சங்கமே பதிவு செய்ய விரும்பும் புது வடிவத்தின் படத்தை விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பிலோ வேறெங்கோ வெளியிடுவது தன் உரிமையைத் தானே கெடுத்துக்கொள்வதாகும். விவசாயிகளின் நிலையும் இத்தகையதே. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர் இடர்களால் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். அந்த அவசரத்தில், திருவிழா வாழ்த்துக்களுக்கிடையே வயற்படத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமேது?

படங்களைப் பேணுவதற்கெனப் பல மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் வரலாறு நமக்குப் பாடமாகத் தக்கது. பிகாசா என்னும் மென்பொருள் 2002-இல் தோன்றியது. 2004-இல் கூகுள் நிறுவனம் அதனை வாங்கி இலவசமாக வழங்கியது. கற்பதற்கு எளிது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் சிறு அலுவலகங்களுக்கு அது மிகவும் உகந்ததாக இருந்தது. 2016 மார்ச்சு மாதத்தில் கூகுள் அதனைக் கைவிட்டது. படங்கள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் படங்களின்மீது செய்த வேலை கேள்விக்குரியதாயிற்று. பிகாசாவில் ஒரு படத்தின் ஒளியைக் கூட்டினால், அந்த மாற்றம் உடனே படத்தில் பதியாது. அதே கோப்புறையில் உள்ள ஒரு சிறு குறிப்புக் கோப்பில்தான் எழுதப்படும். படங்களை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு சென்றவர்கள் திருத்தமற்ற படங்களையே அங்கே கண்டனர். தொகுத்து வைத்த ஆல்பங்களோ மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்தன. முறைப்படி ஏற்றுமதி செய்தவர்கள் தப்பினார்கள்.

இன்று லைட்ரூம் உபயோகிப்போரும் இதனை அறிந்திருத்தல் நலம். அதிலும் திருத்தங்கள் ‘கேட்டலாக்’ எனப்படும் தனிக் கோப்பிலேயே சேர்கின்றன. படங்களைப் பிரதி எடுத்து அக்கோப்பை விட்டுவிட்டால் உழைப்பில் பாதி போயிற்று. சந்தா கட்ட வசதியற்ற சங்கங்களுக்கு டிஜிகாம் என்னும் இலவச மென்பொருளை நான் சிபாரிசு செய்வேன். படத்திற்கு நாம் எழுதும் விவரத்தைப் படக் கோப்பினுள்ளேயே எழுதிவிடும் வசதி அதன் அமைப்புகளில் இருக்கிறது. அதனை முதல் நாளே இயக்கி வைக்க வேண்டும். நாளை டிஜிகாமும் நின்றுபோனால் விவரம் படத்தோடு நிற்கும். எந்த மென்பொருளும் குமாஸ்தாவே அன்றி, பேரேடு அன்று.

அடுத்தது திருத்தம். கணக்கெழுதுவோர்க்கு ஒரு விதி சொல்லாமலே விளங்கும்: வவுச்சரில் அடித்துத் திருத்தலாகாது, பிழையைக் கணக்கில் திருத்திக்கொள்ள வேண்டும். காமிரா தந்த மூலப்படம் வவுச்சருக்கு ஒப்பானது. அதனை ‘மூலம்’ என்ற கோப்புறையில் இட்டு, திருத்தத்திற்கு வேறொரு பிரதியையே எடுத்துக்கொள்க. இது வெறும் சம்பிரதாயமன்று. நாம் சாதாரணமாக உபயோகிக்கும் ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை நீக்கிச் சுருக்குகிறது. திருத்திச் சேமிக்குந்தோறும் இச்சுருக்கம் மீண்டும் நடைபெறும். போன நுட்பம் திரும்பாது. அன்றியும், வெளிச்ச விவரத்தைக் காட்டிலும் நிற விவரத்தையே இம்முறை அதிகம் குறைக்கிறது. முகப்படத்தில் இது தெரியாது. பச்சை உடலில் ஓடும் ஓரிழைச் சிவப்புக் கோட்டில் நன்றாகத் தெரியும். நிறம் பக்கத்து இழைகளில் கசிந்தது போலத் தோன்றும். மறுபடி நெய்வதற்கு அப்படத்தை நம்பிப் பயனில்லை. காமிராவில் ‘ரா’ என்ற முறை இருந்தால் முக்கிய வடிவங்களை அம்முறையில் எடுப்பது உத்தமம்.

நிறத்தைப் பற்றி இன்னும் சிறிது கூற விரும்புகிறேன். ட்யூப் லைட்டின்கீழ் எடுத்த அரக்கு நிறம் ஒருவாறும், பகலில் எடுத்தது வேறொருவாறும் விழும். சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில் படமெடுத்தால், பின்னர் மென்பொருளில் அத்தாளைச் சுட்டி நிறத்தைச் சமன் செய்யலாம். இத்தகைய திருத்தம் நேர்மையானது. படம் ‘எடுப்பாக’ இருக்க வேண்டுமென்று நிறத்தை ஏற்றிவிடுவது அப்படிப்பட்டதன்று. ஜரிகை தங்கமாய் ஜொலிக்கும் படத்தைக் கண்டு பணம் கட்டியவர், வந்த சேலையைத் திருப்பியனுப்பினால் இரு வழித் தபால் செலவும் சங்கத்தின் தலையில் விழும். அடுத்த முறை அவர் வாங்கவும் மாட்டார். மயில்கழுத்து நிறத்தில் பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாதலால், எந்த ஒரு படமும் அச்சேலையை முழுமையாகக் காட்டாது. இரண்டு கோணங்களில் எடுப்பதே வழி.

ஒவ்வொரு டிஜிட்டல் படத்தினுள்ளும் எடுத்த தேதியும் நேரமும் மறைவாகப் பதிந்திருக்கின்றன. செல்போன் படத்தில் இடமும் பதியக்கூடும். ஆனால் இத்தேதி காமிராவின் கடிகாரம் சொல்வதே. கடிகாரம் தவறினால் படமும் பொய் சொல்லும். மாதம் ஒரு முறை அதனைச் சரிபார்ப்பது காரியதரிசியின் வேலைகளுள் ஒன்றாக இருக்கட்டும். இத்தேதியை எவரும் மாற்றவும் கூடுமாதலால், படத்தின் எண்ணைச் சரக்குப் பதிவேட்டிலும் குறித்து வைத்தல் அவசியம். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-14-கட்டம்-அரக்கு-017 என்பது போல் அமைத்தால், படங்கள் தாமே கால வரிசையில் நிற்கும். விவரங்களைத் தமிழிலேயே எழுதலாம். யூனிக்கோடு எழுத்தில் எழுதுக. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை வேறு கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும், தேடினாலும் அகப்படா. மேலும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு உள்விவரங்களும் நீங்கிவிடும். நெசவாளர் வீட்டிலிருந்து சங்கத்திற்கு வரும் படம் ‘டாக்குமெண்ட்’ ஆகவே வரவேண்டும்.

இனி, பிரதிகள். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் 2005-இல் வெளிவந்த தமது நூலின் வாயிலாகப் பரப்பிய விதி ஒன்றுண்டு: பிரதி மூன்று, சாதனவகை இரண்டு, அவற்றுள் ஒன்று வேறிடத்தில். சங்கக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என வைத்தால் விதி நிறைவேறும். படமொன்று நான்கு மெகாபைட் என்று கொண்டால், ஒரு டெராபைட் டிஸ்க்கில் இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும்; ஆகவே இடமில்லை என்ற சாக்கு செல்லாது. வேறிடம் ஏன் என்பதற்கு 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டாவிலும் நேர்ந்தவற்றை நினைத்தால் போதும். ஒரே பீரோவில் மூன்று பிரதிகள் இருந்தாலும், வெள்ளத்திற்கு அவை ஒன்றே.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. செல்போனையும் இணையத்தையும் ஒத்திசைத்து வைப்பது பிரதி வைப்பதாகாது. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். சில நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடப்பதோடு சரி. கூகுள் போட்டோஸ் தந்த வரம்பற்ற இலவச இடமும் 2021 ஜூன் முதல் தேதியோடு முடிவுற்றது. வெளி ஹார்ட் டிஸ்க்கையும் எந்நேரமும் கம்ப்யூட்டரில் மாட்டி வைக்கலாகாது. கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால், மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். வாரம் ஒரு நாள் மாட்டி, பிரதி எடுத்து, கழற்றி வைக்க வேண்டும். சம்பள நாளுக்கு மறுநாள் செய்வது என்று ஒரு சங்கத்தில் வழக்கம் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை போதாது, ஆனால் மறக்காத நாள்.

காலாண்டுக்கொரு முறை, டிஸ்க்கிலிருந்து பத்துப் படங்களை ஆங்காங்கே பொறுக்கி, சங்கத்தின் கம்ப்யூட்டரில் அன்றி வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். படம் முழுமையாகத் திறக்கிறதா, விவரம் தெரிகிறதா, தேதி பதிவேட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பார்த்தவர் கையொப்பத்தோடு பதிவேட்டில் ஒரு வரி எழுதுக. கால் மணி நேர வேலை. சரக்கிருப்பு எண்ணும் நாளிலேயே இதனையும் வைத்துக்கொண்டால் தனி நாள் தேவைப்படாது.