பேதி நின்னுடுச்சு... ஜிங்க் மாத்திரையை நிறுத்திடலாமா?

போன வாரம் ராத்திரி அக்கா போன் பண்ணா. ``பாப்பாவுக்குப் பேதி நின்னுடுச்சுடி. ஆனா, டாக்டர் கொடுத்த ஜிங்க் மாத்திரை இன்னும் 10 இருக்கு. வாயில வெச்சாலே துப்புறா. நிறுத்திடவா?''

பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. பேதி நின்ன பிறகு மருந்து எதுக்குன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனால், அந்தச் சின்ன மாத்திரைக்குப் பேதியை நிறுத்துவதைத் தாண்டியும் ஒரு வேலை இருக்கிறது. அது நடப்பது செல்லின் சுவரில்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஜிங்க்

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. இரண்டு அடுக்குக் கொழுப்பு, நடுநடுவே புரதங்கள். கொழுப்பு சுவர் என்றால், புரதங்கள்தான் கதவுகள். எந்த உப்பு உள்ளே வரணும், எது வெளியே போகணும்னு பார்த்துக்கொள்வது இந்தக் கதவுகள்தான்.

இந்தச் சுவரைக் காக்கும் வேலையில் துத்தநாகத்துக்கு, அதாவது ஜிங்குக்கு, முக்கியப் பங்கு உண்டு. சவ்வில் உள்ள புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்கள் எளிதில் கெட்டுப்போகக் கூடியவை. ஜிங்க் அங்கே ஒட்டிக்கொண்டு அவற்றைப் பாதுகாக்கிறது.

இரும்பும் தாமிரமும் உடம்புக்குத் தேவைதான். ஆனால், அவை சவ்வில் தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஃப்ரீ ராடிகல்ஸ் உருவாகும். பழைய முறுக்கில் எண்ணெய் காறிப்போவதுபோல, சவ்வின் கொழுப்பும் கெட ஆரம்பிக்கும். ஜிங்க் அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்கிறது. பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி!

ஜிங்க் குறைந்தால்? அந்த உணவைக் கொடுத்து வளர்த்த எலிகளின் ரத்தச் சிவப்பணுக்களை உப்பு குறைவான நீரில் போட்டுப் பார்த்தார்கள். மற்ற எலிகளின் அணுக்களைவிட அவை எளிதாக உடைந்தன. சுவர் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம்.

குடலில் என்ன நடக்கிறது?

குடலின் உள்பக்கத்தில் இருப்பது ஒற்றை வரிசை செல்கள்தான். அவை ஒன்றோடொன்று இறுக்கமாகப் பூட்டிக்கொண்டு நிற்கும். ஜிங்க் குறைந்தால் சவ்வோடு சேர்த்து அந்தப் பூட்டும் தளர்கிறது. தண்ணீரும் உப்பும் கசியும். கிருமிகளுக்கும் வழி கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், பேதியோடு ஜிங்கும் வெளியே போய்விடும். இரும்பைச் சேமித்துவைப்பதுபோல ஜிங்கைச் சேமித்துவைக்க உடம்பில் தனிக் கிடங்கு கிடையாது. பேதியால் ஜிங்க் குறையும், ஜிங்க் குறைவதால் அடுத்த பேதி சுலபமாக வரும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் வயிற்றுப்போக்கு இன்றைக்கும் ஒன்று. அதனால்தான் 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும், ஓ.ஆர்.எஸ் கரைசலோடு ஜிங்கையும் 10 முதல் 14 நாள்கள் கொடுக்கச் சொன்னார்கள். இந்தியாவில் 14 நாள்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு தினமும் 20 மில்லிகிராம். அதற்குக் குறைந்த வயது என்றால் 10 மில்லிகிராம், அதுவும் டாக்டர் சொன்னபடி மட்டும்.

குடல் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். புதுச் செல்லுக்குப் புதுச் சவ்வு வேண்டும், அதற்கு ஜிங்க் வேண்டும். பேதி நின்ற பிறகும் இந்த ரிப்பேர் வேலை நடக்கும். முழு கோர்ஸையும் முடித்தால் அடுத்த 2, 3 மாதங்களில் மறுபடி பேதி வரும் வாய்ப்பும் குறைகிறது. நாலாவது நாளே நிறுத்தினால் நாம் இழப்பது இதைத்தான்.

சாப்பாட்டில் கிடைக்காதா?

கிடைக்கும். ஆட்டிறைச்சி, நண்டு, முட்டை, கொண்டைக்கடலை, எள், முந்திரி, பூசணி விதை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால், தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மனிதர்களிடம் ஜிங்க் குறைபாடு இருப்பதை 1960-களில் உலகுக்குக் காட்டிய ஆனந்த பிரசாத், பீகாரில் பிறந்த மருத்துவர். ஈரானில் அவர் பார்த்த 21 வயது இளைஞர், 10 வயதுப் பையன்போல இருந்தார். அவருடைய சாப்பாடு பெரும்பாலும் புளிக்காத ரொட்டி.

மாவைப் புளிக்கவைத்தாலும் பயறை முளைகட்டினாலும் ஃபைட்டேட் குறையும். நம்ம இட்லி, தோசைக்கு இது ஒரு ப்ளஸ்.

அதுக்காக பெரியவங்க இஷ்டத்துக்கு ஜிங்க் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி ரொம்ப நாள் எடுத்தால், உடம்பில் தாமிரம் குறைந்துவிடும்.

கவனிங்க!

குழந்தைக்கான மாத்திரையை ஒரு ஸ்பூன் கொதித்து ஆறிய தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கலாம். ஜிங்க் கொடுக்கிறோம் என்று ஓ.ஆர்.எஸ்ஸை விட்டுவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல் என எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஓ.ஆர்.எஸ்ஸும் ஜிங்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். இப்போ காலண்டர்ல தினமும் ஒரு டிக் போடுறா. பாப்பா இன்னும் துப்பத்தான் செய்றா. ஆனா, ஸ்ட்ரிப்ல மூணு மாத்திரைதான் பாக்கி!