திருச்சிராப்பள்ளி – ஸ்ரீரங்கம் வரலாற்றுச் சுற்றுப்பயணத் திட்டம்

திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குள் பல்லவர், பாண்டியர், சோழர், நாயக்கர், ஆற்காட்டு நவாபு, ஆங்கிலேயர் காலச் சின்னங்கள் செறிந்து கிடக்கின்றன. இவற்றைக் காரில் சுற்றிப் பார்க்க எண்ணுவோர் வழக்கமாகத் தொலைவைக் கணக்கிட்டுத் திட்டம் போடுகின்றனர். உண்மையில் பயணத்தைத் தீர்மானிப்பது கோயில் நடை சாத்தும் நேரம். பிரிட்டனில் கோட்டைகளையும் பழைய மடாலயங்களையும் சுற்றுபவருக்குக் காலையில் திறந்த வாயில் பெரும்பாலும் மாலையில்தான் மூடும். இங்கே வழிபாட்டில் உள்ள கோயில்கள் நண்பகலை ஒட்டிச் சாத்தப்பட்டு, பிற்பகலில்தான் மீண்டும் திறக்கும். அந்த இடைவெளியில் எங்கே இருப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மற்றவை தாமாக அமையும்.

முதல் நாள்: தீவும் மலையும்

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் முக்கொம்பு மேலணை உள்ளது. இரு ஆறுகளும் மீண்டும் நெருங்கும் கிழக்கு முனையில் கல்லணை உள்ளது. இவற்றுக்கு இடைப்பட்ட தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்துள்ளன. ஆகவே ஒரு முழு நாளைத் தீவிலேயே மேற்கிலிருந்து கிழக்காகச் செலவிடலாம்.

அரங்கநாதசுவாமி கோயில் 156 ஏக்கர் பரப்பில் 7 சுற்றுமதில்களும் 21 கோபுரங்களும் கொண்டது. வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் உள்ள தெருக்கள் ஓடுகின்றன. 236 அடி உயரமுள்ள இராசகோபுரத்தைப் பழமையானது என்று பலர் எண்ணுவதுண்டு. நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்ற அதன் கட்டுமானம் 1987இல்தான் நிறைவடைந்தது. பழமையைத் தேடுவோர் உள்ளே செல்ல வேண்டும். போசளர் கலைப்பாணியிலான வேணுகோபாலர் சன்னதியின் புறச்சுவர்ச் சிற்பங்களும், சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்தெழும் குதிரைத் தூண்களும் நின்று பார்க்க வேண்டியவை. விடுமுறை நாளில் மூலவர் வரிசையில் நின்றால் காலை முழுதும் அதிலேயே கழியும். தரிசனமும் சிற்பமும் இரண்டும் வேண்டுமென்றால் விடியற்காலையில் வந்துவிடுவது நல்லது.

பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியதான திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலில் உச்சிக்காலப் பூசை தனிச்சிறப்புடையது. அர்ச்சகர் புடவை அணிந்து, அகிலாண்டேசுவரியாகவே வந்து இறைவனைப் பூசிப்பார். இப்பூசை முடிந்ததும் நடை சாத்தப்படும். காலைப் பகுதியை இங்கே முடித்துக்கொள்வது பொருத்தம்.

அந்த நேரத்தில் கல்லணைக்குக் கிளம்பலாம். திருவானைக்காவலிலிருந்து கிழக்கே காவிரியை ஒட்டியே சாலை செல்கிறது. கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. இன்று அதன்மேல் காணப்படும் மதகுகளும் பாலமும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து படிப்படியாகச் சேர்ந்தவை. 1830களில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆற்று மணலில் அடித்தளம் இடும் நுட்பத்தைக் கல்லணையிலிருந்தே கற்றார். கோடையில் போனால் இங்கே மணல்தான் இருக்கும். வழக்கமாக சூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு பார்ப்பதே பார்ப்பது.

மாலையில் மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரமுள்ள இப்பாறையில் செருப்பில்லாமல் ஏற வேண்டும் என்பதால் நண்பகலில் உச்சிப் பாறையில் கால் வைக்க முடியாது. தாயுமானவர் சன்னதியைக் கடந்து உச்சிப்பிள்ளையாரை நோக்கி விரைவோர் பலர், வழியிலேயே இருக்கும் மேல் குடைவரையைக் கவனிப்பதில்லை. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரகிருகம் அது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவனின் பெரிய புடைப்புச் சிற்பமும், மன்னனின் வடமொழிக் கல்வெட்டும் அங்கு உள்ளன. மொத்தப் பயணத்திலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே சொல்லலாம்.

உச்சியிலிருந்து வடக்கே பார்த்தால் 1751–52 முற்றுகையின் களம் முழுவதும் தெரியும். கோட்டைக்குள் முகமது அலியும் ஆங்கிலேயரும் இருந்தனர். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் பின்னர் ஆற்றுக்கு அப்பால் தீவுக்குப் பின்வாங்கினர். 1752 சூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது.

இரண்டாம் நாள்: புதுக்கோட்டைப் பக்கம்

தெற்கே உள்ள இடங்களில் பல இன்று தொல்லியல் சின்னங்களாகவே இருப்பதால் நடை சாத்தும் கவலை குறைவு, வெயில்தான் கவலை. புதுக்கோட்டைச் சாலையில் உள்ள நார்த்தாமலைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். விசயாலய சோழீசுவரத்தை அடைய நிழலற்ற பாறைமேல் நடக்க வேண்டும். அடுத்து சித்தன்னவாசலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், தாமரைக்குளம் தீட்டப்பட்ட விதான ஓவியமும் உள்ளன. ஓவியம் பெரிதும் மங்கிவிட்டது. கண் பழகும்வரை பொறுமையாக நிற்க வேண்டும்.

திரும்பும்போது வந்த வழியே வராமல் அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை வந்தால் கொடும்பாளூர் அருகில்தான். பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலில் மூன்றில் இரண்டு விமானங்களே எஞ்சியுள்ளன. மூன்றாவதின் அடித்தளத்தை இன்றும் காணலாம். அங்கிருந்து மதுரை நெடுஞ்சாலை நேராகத் திருச்சிக்கு வரும்.

கூடுதலாக அரை நாள் இருந்தால்

துறையூர்ச் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் திருவெள்ளறை உள்ளது. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு வெளியே, நான்கு பக்கமும் படிகள் வளைந்து இறங்கும் சுவத்திக வடிவக் கிணறு, பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் தோண்டுவித்தது. மார்பிடுகு பெருங்கிணறு என்பது கல்வெட்டில் அதன் பெயர். நகருக்குள்ளேயே இருக்க விரும்புவோர் நத்தர்வலி தர்காவையும், 1826இல் திருச்சியில் இறந்த பேராயர் ஹீபர் அடக்கம் செய்யப்பட்ட புனித யோவான் தேவாலயத்தையும் பார்க்கலாம்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களிலும் ஆடிப்பெருக்கன்றும் ஸ்ரீரங்கத்துக்குள் கார் நுழைவது கடினம். விழாவைக் காண வருவோருக்கு அவையே உகந்த நாட்கள். சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பார்க்க வருவோர் அவற்றைத் தவிர்த்து, தை அல்லது மாசியில் வார நாளொன்றில் வரலாம்.