கல்வராயன் மலையிலிருந்து காணும் வானம்

வானநூல் என்று சொன்னவுடனே, பெரிய தொலைநோக்கியும் கடினமான கணக்கும் இல்லாமல் அதனை அணுக முடியாது என்ற எண்ணம் மாணவர்களில் பலருக்கு உண்டாகிறது. நேயர்களே, ஒரு மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்று, மடக்கிய கைமுட்டி, விளக்கொளி படாத ஓர் இடம் ஆகிய இம்மூன்றும் இருந்தால் போதும். இந்நூலின் அடிப்படைச் செய்திகள் பலவற்றைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மாணவர்கள் தாமே கண்டறியலாம். முதல் இரண்டுக்கும் எவ்வூரிலும் பஞ்சமில்லை. மூன்றாவதுதான் ஆண்டுக்கு ஆண்டு அருமையாகி வருகிறது.

முதலில் கைமுட்டியை எடுத்துக்கொள்வோம். பூமி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்வனபோலத் தோன்றுகின்றன. அந்த அச்சின் வடமுனை வானத்தில் எத்திசையை நோக்குகிறதோ, அதனின்று ஒரு பாகைக்கும் குறைந்த விலகலில் துருவ மீன் இருக்கிறது. ஆதலால் அது மட்டும் இடம்பெயராதது போலக் காணப்படுகிறது. வானத்து மீன்களுள் அதுவே ஒளி மிக்கது என்று எண்ணுவோர் பலர்; உண்மையில் அது இரண்டாந்தர ஒளியுடையதே. அதன் பெருமை ஒளியில் இல்லை, நிலையில் இருக்கிறது. அடிவானத்திலிருந்து அது எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கையை நேரே நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகையை மறைக்கும். கள்ளக்குறிச்சியின் அட்சரேகை பன்னிரண்டு பாகைக்குச் சற்றே குறைவு. ஆகவே வடக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு முட்டியும் இரண்டு விரலும் வைத்துப் பார்த்தால் துருவ மீன் அகப்பட்டுவிடும். லண்டன் மாணவர்க்கோ ஐந்து முட்டிக்கு மேல் வேண்டியிருக்கும். மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள், வடக்கே மேடும் மரமும் மறைக்காத இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

துருவ மீன் இவ்வளவு தாழ்ந்திருப்பது நமக்குக் குறையன்று. வடமுனை தாழத் தாழ, தென்வானம் மேலெழுகிறது. மே, ஜூன் மாதங்களில், மேகமில்லாத இரவொன்றில் ஒன்பது மணியளவில் தெற்கே நோக்குங்கள். அடிவானத்துக்கு மேலே இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் நான்கு மீன்கள் சிலுவை வடிவில் நிற்கும். அதற்குக் கிழக்கே இரண்டு ஒளிமிக்க மீன்கள் தெரியும். அவ்விரண்டில் சிலுவைக்கு அப்பாற்பட்டதும் பிரகாசம் கூடியதுமான மீனே ஆல்பா சென்டாரி. கதிரவனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே. லண்டனில் வாழ்வோர் தம் ஊரிலிருந்து அதனை ஒருநாளும் காண இயலாது. கல்வராயன் மலையில் ஆடு மேய்க்கும் சிறுவன் நாள்தோறும் காண்கிறான்.

இனிக் கோலுக்கு வருவோம். நண்பகலில் கதிரவன் எப்பொழுதும் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான் என்று சொல்வது பேச்சு வழக்கு. கள்ளக்குறிச்சியில் அவன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு முறைதான்: ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்டு 21-ஐ ஒட்டி ஒரு நாள். சமதரையில் செங்குத்தாக நட்ட கோலின் நிழல் அன்று, பகல் 12 மணி 15 நிமிட அளவில், அடியிலேயே அடங்கிவிடும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதன் சான்று இந்த நிழலே.

இந்தக் கோலைக் கொண்டு பூமியின் சுற்றளவையே அளக்கலாம். ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரியில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். அதே நண்பகலில் கள்ளக்குறிச்சியில் ஒரு மீட்டர்க் கோலின் நிழலை அளந்தால், ஏறத்தாழ ஆறரைச் சென்டிமீட்டர் இருக்கும். அந்நிழல் காட்டும் கோணம் 3 பாகை 40 கலை. அதாவது முழு வட்டத்தில் 98-இல் ஒரு பங்கு. கன்னியாகுமரியின் அட்சரேகையிலிருந்து கள்ளக்குறிச்சியின் அட்சரேகைக்கு வடக்கு நோக்கி நேராக அளந்தால் சுமார் 405 கிலோமீட்டர் வரும். நிலப்படத்தில்தான் அளக்க வேண்டும். பேருந்துச் சாலைக் கணக்கு உதவாது. இதனை 98-ஆல் பெருக்குங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கும் விடை கிடைக்கிறது. இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு எகிப்து நாட்டில் எரதாஸ்தனிஸ் என்னும் அறிஞர் கையாண்ட முறை இதுவே. இரண்டு பள்ளிகள் தம்முள் கடிதம் எழுதிக்கொண்டு இதனைச் செய்து பார்த்தால், நூலில் படித்த எண் தம் கையால் அளந்த எண்ணாகிவிடும்.

பூமியை விட்டு அப்பால் சென்றால் கிலோமீட்டர் போதாது. ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நிலவொளி ஒன்றேகால் வினாடியில் நம்மை வந்தடைகிறது. கதிரவன் ஒளிக்கு எட்டு நிமிடமும் இருபது வினாடியும் ஆகின்றன. ஆல்பா சென்டாரியின் ஒளி நான்கு ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்கிறது. பிப்ரவரி இரவுகளில் தெற்கே ஒளிரும் அகத்திய மீனின் ஒளியோ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டது. வானத்தை நோக்கும் கண் ஒரே நேரத்தில் பல காலங்களைக் காண்கிறது.

அத்தகைய ஒரு பிப்ரவரி இரவில் நான் கல்வராயன் மலையூர் ஒன்றில் தங்கியிருந்தேன். கார்த்திகைக் கூட்டம் மேற்கே பாதி இறங்கியிருப்பதைப் பார்த்து, அவ்வூர் முதியவர் ஒருவர் மணி ஒன்பது ஆகியிருக்கும் என்றார். என் கைக்கடிகாரம் எட்டே முக்கால் காட்டியது. அவருடைய பேரன் கல்லூரியில் பௌதிகம் படிப்பவன். அவனுக்குக் கார்த்திகை எதுவென்று தெரியவில்லை. அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் படிக்கும் நகரத்தின் வானத்தில் அக்கூட்டம் எளிதில் புலப்படாது.

இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட மூன்றாவது பொருள் வருகிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அப்பால், நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வானநூல் அறிஞர் வைணு பாப்பு தொலைநோக்கி நிறுவ அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். நகர ஒளிக்கு எட்டாத காட்டிடம் என்பதும், வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதி அங்கே புலப்படும் என்பதும் அதற்குக் காரணங்கள். 1968-இல் 38 சென்டிமீட்டர்க் கருவியோடு பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1986-இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர்த் தொலைநோக்கி, 1982-இல் மறைந்த பாப்புவின் பெயரையே தாங்கியுள்ளது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைக்க இருந்தது. காவலூரில் ஒரு மீட்டர்க் கருவி அதனை நோக்கிக் காத்திருந்தது. அமெரிக்க அறிஞர் சிலர் விமானத்தில் பறந்தவாறே நோக்கிக்கொண்டிருந்தனர். கோள் மறைக்கும் நேரம் வருமுன்பே விண்மீனின் ஒளி சில வினாடிகள் குறைந்து மீண்டது. விமானத்திலிருந்தவர்கள், கோள் கடந்த பின்னரும் அவ்வாறே ஒளி குறைவதைக் கண்டனர். கோளைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பதாலேயே இவ்வாறு நிகழ்ந்தது என்று உலகம் அன்றுதான் அறிந்தது. அதுவரை வளையமுள்ள கோள் சனி ஒன்றே என்று எண்ணியிருந்தோம்.

ஒரு மங்கிய மீனின் ஒளி சில வினாடிகள் குன்றியதை அறிவதற்கு, பின்னாலுள்ள வானம் கறுத்திருத்தல் வேண்டும். மேல்நோக்கி ஒளி சிதறும் தெருவிளக்குகள் அந்தக் கருமையைக் கரைக்கின்றன. விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் நடந்து பாம்பை மிதிக்க யாரும் விரும்பார். விளக்கின் மேல் ஒரு மூடி இருந்தால், ஒளி வேண்டிய தரைக்கே இறங்கும். லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தைச் சுற்றிய பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, அங்குள்ள ஊர்களில் இம்முறை கைக்கொள்ளப்படுகிறது. கல்வராயன் ஊர்களுக்கும் இது பெருஞ்செலவாகாது.

மழை ஓய்ந்த டிசம்பர் மாதத்தில், நிலவில்லாத இரவொன்றில், ஏழு மணிக்கு மலைமேல் நின்று பாருங்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். கைவிளக்கின்மேல் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். வடக்கு அடிவானத்திலிருந்து ஆறு முட்டி உயரத்தில், புகைபடிந்தாற்போல ஒரு சிறு மங்கல் தெரியும். அது ஆண்ட்ரோமீடா, நம் பால்வீதியைப் போன்ற மற்றொரு விண்மீன் மண்டலம். அதன் ஒளி நம்மை வந்தடைய இருபத்தைந்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நேரே உற்று நோக்கினால் நழுவிவிடும். கண்ணைச் சற்று ஒதுக்கி, கடைக்கண்ணால் பாருங்கள்.