எண்கள் காட்டிய வழி

பொங்கலுக்குப் பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. தில்லி மாநகரைப் பனிமூட்டம் போர்த்தியிருந்தது. காலை பத்து மணிக்குப் பட்டேல் சௌக் மெட்ரோ நிலையத்தின் வாயிலில் எட்டாம் வகுப்பு மாணவியர் நால்வர் கம்பளிச் சட்டை அணிந்து கூடி நின்றனர். அவர்களுள் மூவர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான்காமவள், தந்தையின் பணிமாற்றத்தால் கடந்த ஆனி மாதம் மதுரையிலிருந்து வந்தவள். ஏழு மாதங்கள் கடந்தும் வீடு, பள்ளி, அவற்றுக்கு இடைப்பட்ட சாலை ஆகியவற்றைத் தவிர இந்நகரில் வேறெதையும் அவள் அறியாள். "இது என் ஊரன்று" என்பது அவள் அடிக்கடி கூறும் சொல்.

தோழியருள் ஒருத்தியின் தமக்கை கல்லூரி மாணவி. அவர்தாம் அன்றைய பயணத்துக்குத் துணையாக வந்திருந்தார். அவர் ஒரு தாளை நீட்டினார். அதில் இடப்பெயர் எதுவும் இல்லை. மூன்று இணை எண்கள் மட்டுமே இருந்தன.

"இவை மூன்று இடங்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெட்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது. கைபேசியில் எண்களையும் திசையையும் மட்டும் பார்க்கலாம், வரைபடத்தைப் பார்க்கக் கூடாது" என்றார் அவர்.

விளையாட்டின் பிறப்பு

இவ்விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். தமிழில் இதனைப் புவிப்புதையல் தேடல் எனலாம். அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய குறிகைகளில் முன்னர் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் ஓரிடத்தை ஏறத்தாழ 100 மீட்டர் பிழையுடனேயே அறிய முடிந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் காட்டுப்பகுதியில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். வாளியினுள் ஒரு குறிப்பேடும் சில பொருள்களும் இருந்தன. சில நாள்களிலேயே அதனைக் கண்டுபிடித்தனர். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட புவிப்புதையல்கள் உள்ளன.

கண்டெடுப்பவர் குறிப்பேட்டில் பெயரும் நாளும் எழுத வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடான வேறொன்றை வைக்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே மீண்டும் வைக்க வேண்டும். நிலத்தைத் தோண்டலாகாது, இடத்துக்கு உரியவரின் இசைவின்றி எதையும் மறைக்கலாகாது.

உரிமையாளர் அறியப்படாத பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பு தில்லி மெட்ரோவில் ஒலிப்பதைப் பலரும் கேட்டிருப்பர். பொது இடத்தில் கிடக்கும் ஒரு பெட்டி பலரை அச்சுறுத்தும். காவல்துறையின் நேரத்தையும் வீணாக்கும். எனவே, முதல் இரண்டு இடங்களிலும் அக்கா பெட்டி எதையும் வைக்கவில்லை. ஒவ்வோரிடத்துக்கும் ஒரு கேள்வியை மட்டும் வைத்திருந்தார். அவ்விடத்தில் நின்று உற்றுநோக்கினாலன்றி அதற்கு விடை கூற இயலாது.

எண்கள் இடமாவது எவ்வாறு?

முதல் இணை எண்கள் 28.6271, 77.2166 என்பன. முன்னது அட்சக்கோட்டைக் குறிக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே உள்ளோம் என்பதை அது கூறும். பின்னது தீர்க்கக்கோட்டைக் குறிக்கும். இங்கிலாந்திலுள்ள கிரீனிச்சிலிருந்து எத்தனை பாகை கிழக்கே உள்ளோம் என்பதை அது கூறும்.

"இவ்வளவு பனியில் செயற்கைக்கோளுக்கு நாம் தெரிவோமா, அக்கா?" என்று மதுரை மாணவி கேட்டாள்.

செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை என்று அவர் விளக்கினார். அது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியவாறு, தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவ்வலைகள் பனியையும் மேகத்தையும் ஊடுருவி வரும். அவை வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்நேரத்தைக் கொண்டு கைபேசி தொலைவைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் குறிகைகளேனும் கிடைத்தால் இடம் தெளிவாகும். கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், தொலைவில் 300 மீட்டர் பிழை உண்டாகும். அதனால்தான் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நாவிக் அமைப்பும் இம்முறையிலேயே இயங்குகிறது.

கல்லில் இருந்த எண்

முதல் எண்கள் அவர்களை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் சென்றன. இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர் ஏறத்தாழ 1724ஆம் ஆண்டில் எழுப்பிய வானாய்வுக்கூடம் அது. அதன் நடுவே சாம்ராட் யந்திரம் என்னும் மாபெரும் நிழற்கடிகாரம் சாய்சுவராக உயர்ந்து நிற்கிறது. அக்காவின் கேள்வி இது: "இச்சுவரின் சாய்வு எத்தனை பாகை?"

ஒருத்தி கோணமானியில் நூலையும் சிறு கல்லையும் கட்டித் தொங்கவிட்டாள். சற்றுத் தொலைவில் நின்று, கோணமானியின் விளிம்பைச் சுவரின் சாய்வுக்கு இணையாகப் பிடித்தாள். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து 28க்கும் 29க்கும் இடைப்பட்ட பாகை அளவு விலகி நின்றது. நால்வரும் கையிலிருந்த தாளைப் பார்த்தனர். முதல் எண் 28.6271!

இது தற்செயலன்று. சுவரின் சாய்ந்த விளிம்பு வானத்தின் வடதுருவத்தை நோக்குமாறு கட்டப்பட்டுள்ளது. ஓரிடத்திலிருந்து காணும்போது வடதுருவம் எத்தனை பாகை உயரத்தில் இருக்குமோ, அத்தனை பாகையே அவ்விடத்தின் அட்சக்கோடு ஆகும். எனவே, ஊர் மாறினால் சாய்வும் மாறும்.

"இதையே மதுரையில் கட்டியிருந்தால்?" என்று மதுரை மாணவி கேட்டாள்.

"பத்துப் பாகைதான். அதிகம் சாயாமல் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும்" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தனர்.

பதினொரு மணிக்கு மேல் பனி விலகி வெயில் வந்தது. ஒரு குச்சியின் நிழலை அளந்துகொண்டே இருந்தனர். கடிகாரம் ஏறத்தாழ 12.30 காட்டியபோதுதான் நிழல் மிகக் குறுகியது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. தில்லி அதற்கு மேற்கே இருப்பதால் நண்பகல் 21 நிமிடங்கள் தாழ்ந்து வரும். எஞ்சிய பத்து நிமிடங்களுக்குப் புவியின் அச்சுச் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் காரணம். இவ்வாறு, இரண்டாம் எண்ணின் அடையாளத்தையும் அவர்கள் வெயிலிலேயே கண்டனர்.

படிக்கிணற்றின் ஆழத்தில்

சாலையோரத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை வாங்கி உண்டபின், கிழக்கே நடந்து அக்ரசேன் படிக்கிணற்றை அடைந்தனர். ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய அப்படிக்கிணற்றின் இருபுறச் சுவர்களிலும் வளைவு மாடங்கள் அடுக்கடுக்காக உள்ளன. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதும் மக்கள் படிவழியே சென்று நீர் முகந்திடவே இத்தகைய கிணறுகள் அமைக்கப்பட்டன.

இரண்டாம் கேள்வி: "கீழே இறங்க இறங்கக் கைபேசிக்கு என்ன நேர்கிறது?" மேற்படியில் எண்கள் நிலையாக இருந்தன. கீழே சென்றபோதோ, நின்ற இடத்திலேயே நின்றாலும் எண்கள் தாவின. உயர்ந்த சுவர்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிட்டன. சில அலைகள் சுவரில் மோதித் திரும்பிச் சுற்றுவழியில் வந்தன. வழி நீண்டதால் கணக்கு பிழைத்தது. திறந்த வெளியிலும் கைபேசி சில மீட்டர் தவறக்கூடும். அந்த இறுதிச் சில மீட்டர்களைக் கண்களே கடக்க வேண்டும்.

மூன்றாம் இடம்

மூன்றாம் எண்கள் 28.56 என்றும் 77.18 என்றும் தொடங்கின. அட்சக்கோட்டு எண் குறைந்துள்ளதால் தெற்கு. தீர்க்கக்கோட்டு எண் குறைந்துள்ளதால் மேற்கு. ஒரு பாகை அட்சக்கோடு என்பது சுமார் 111 கிலோமீட்டர். இதனைக் கொண்டு, அவ்விடம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தெற்கிலும் 4 கிலோமீட்டர் மேற்கிலும் உள்ளது எனக் கணக்கிட்டனர். அக்கா கொண்டுவந்த அச்சிட்ட நகரப் படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தனர்.

"ஆர்.கே.புரம்! நாங்கள் இருக்கும் பகுதியல்லவா?" என்றாள் மதுரை மாணவி.

மெட்ரோவில் ஹவுஸ் காஸ் சென்று, மெஜந்தா வழித்தடத்துக்கு மாறி, ஆர்.கே.புரம் நிலையத்தில் இறங்கினர். தசமப் புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கங்கள் ஒரு பகுதியைக் காட்டும். மூன்றாவது இலக்கம் ஒரு தெருவைக் காட்டும். நான்காவது இலக்கம் ஒரு வீட்டையே காட்டும். கைபேசியைப் பிடித்தபடி முன்னே நடந்த மதுரை மாணவியின் நடை வரவர விரைந்தது. பால் விற்பனை நிலையத்தைக் கடந்ததும் அவள் கைபேசியைப் பையில் வைத்துவிட்டாள். வேப்பமரத்தருகே வலப்புறம் திரும்பினாள். "இனி எனக்கு வழி தெரியும்" என்றாள்.

அது அவளுடைய வீடு. கதவைத் திறந்த தாய் புன்னகை பூத்தார். மாடியில், துளசித் தொட்டியின் பின்னே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் குறிப்பேடும் எழுதுகோலும், மதுரையிலிருந்து வந்த கடலை மிட்டாயும் இருந்தன. நால்வரும் ஆளுக்கொரு மிட்டாயை எடுத்துக்கொண்டு, ஈடாக மணியையும் முத்திரைத்தாளையும் பிறவற்றையும் வைத்தனர்.

குறிப்பேட்டில் மதுரை மாணவி முதலில் மதுரையின் எண்களை எழுதினாள்: 9.9, 78.1. அதன்கீழ் அன்று கண்ட மூன்று இடங்களின் எண்களையும் எழுதினாள். மூன்றாவதன் எதிரே "வீடு" என்று குறித்தாள். பின்னர் அக்காவிடம், "அடுத்த பயணத்துக்கான இடங்களை நான் தேர்ந்தெடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

சிந்தித்து விடையளிக்க

1. பொது இடத்தில் பெட்டியை மறைத்து வைப்பது ஏன் தவறு?

2. உங்கள் ஊரில் சாம்ராட் யந்திரம் கட்டினால் அதன் சாய்வு எத்தனை பாகையாக இருக்க வேண்டும்? எவ்வாறு அறிந்தீர்கள்?

3. வீட்டுக்கு அருகில் வந்ததும் மதுரை மாணவி கைபேசியைப் பையில் வைத்தது ஏன்?

4. நீங்கள் வாழும் நகரில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, நேரில் சென்று பார்த்தால் மட்டுமே விடை கூறத்தக்க ஒவ்வொரு கேள்வியை எழுதுக.