தலைக்கு மேல் வெள்ளம் போய்விடவில்லை

டயட்டில் இருப்பவர் ஆசைப்பட்டு ஒரு குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டார். அடுத்த வேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவிகள் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். உணவுக் கட்டுப்பாடு பற்றிக் கவலைப்படாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்ற கணக்கு!

குடி, புகைப் பழக்கங்களிலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் இதையே கவனித்தார். ஒரு சிகரெட்டில் தடுமாறுவதும் பழைய பழக்கத்துக்கே திரும்பிப் போவதும் ஒன்றல்ல என்றார் அவர். “எனக்கு மனவுறுதியே கிடையாது” என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்பவர் மேலும் சரிகிறார். “அந்த நண்பர்களோடு, அந்த இடத்தில் சறுக்கினேன்” என்று பார்ப்பவருக்கு, அடுத்த முறை எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

21 நாள் கணக்கு

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். இதன் வேர், பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதிய புத்தகம். அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய முகத்தோடு ஒத்துப்போக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். ‘குறைந்தது’ என்பது காலப்போக்கில் காணாமல் போய்விட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி சார்ந்த ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, நடுத்தரக் கணக்கில் 66 நாள். ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறலாம் என்று, 12 வாரத் தரவை வைத்து மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

ஈடுகட்ட வேண்டாம்

சறுக்கியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்வது. நேற்று நடக்கவில்லை என்று இன்று இரண்டு மடங்கு நடந்து முட்டிவலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். கல்யாண விருந்தில் பாயசம் சாப்பிட்ட சர்க்கரை நோயாளி இரவு பட்டினி கிடக்கிறார். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இது ஆபத்து. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். விட்டுப்போன மாத்திரைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்குவதும் அப்படித்தான். அடுத்த வேளையிலிருந்து வழக்கமான அளவுக்குத் திரும்பினால் போதும்.

மழைக்கு முன்பே குடை

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் யோசனை எளிமையானது: “இப்படி நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் பூங்காவுக்குப் போக முடியாது என்பது புரட்டாசியிலேயே தெரிந்ததுதானே? மழை பெய்தால் கூடத்திலேயே பத்து நிமிடம் நடப்பேன் என்று எழுதி வைக்கலாம். ஊருக்குப் போனால், விருந்தாளி வந்தால், காய்ச்சல் அடித்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைக்கலாம். உடம்பு சரியில்லாத நாளில் ஓய்வெடுப்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

எத்தனை நாள் விடாமல் செய்தோம் என்று மட்டும் எண்ணினால், ஒரு நாள் தவறியதும் கணக்கு பூஜ்யமாகிவிடும். விட்ட பிறகு எத்தனை நாளில் திரும்பினோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். போன தடவை ஒரு வாரம், இந்தத் தடவை இரண்டு நாள் என்றால், அதுவும் முன்னேற்றம்தான்.