காற்றைக் குடிக்கும் கட்டடங்கள்

பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றம் மறந்திருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு! ஜன்னலைத் திறந்துவைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சமாளித்திருப்போம். பல்கலைக்கழக ஆய்வகங்களில் அப்படிச் சமாளிக்க முடியாது. அங்கே உள்ள காவல்காரனின் பெயர் ஃபியூம் ஹூட்.

பார்ப்பதற்குப் பெரிய அலமாரி போல இருக்கும். முன்பக்கத்தில் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு. கதவைக் கொஞ்சம் உயர்த்தி, உள்ளே கைகளை மட்டும் விட்டு வேலை செய்ய வேண்டும். கூரைமேல் சுழலும் விசிறி நச்சு வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும்.

இதில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கதவை அரை மீட்டர் உயர்த்தியிருக்கிறோம். காற்று வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள அறையின் காற்று முழுவதும் ஒன்றேகால் நிமிடத்தில் காலி! அதற்கு ஈடாக வெளிக்காற்றை இழுத்து, கோடையில் குளிர்வித்து, குளிர்காலத்தில் சூடாக்கி உள்ளே விட வேண்டும். அலுவலக ஏசி போல அறைக் காற்றையே மறுபடி சுற்றவிட்டால் நச்சும் சேர்ந்து சுற்றும். எனவே காசைக் கொட்டிக் குளிர்வித்த காற்று, ஒரே சுற்றில் கூரை வழியே போய்விடுகிறது. இரவு பகலாக ஓடும் ஒரு ஃபியூம் ஹூட், மூன்று அமெரிக்க வீடுகளுக்கு மேல் ஆற்றலைத் தின்னும் என்பது லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் மதிப்பீடு.

ஆகவே, அறிவியல் கட்டடத்தைப் பசுமையாக்க நினைப்பவர் மொட்டைமாடி சோலார் பலகைக்கு முன்னால் காற்றின் கணக்கைப் பார்க்க வேண்டும். விசிறிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தள்ளும் காற்றைப் பாதியாகக் குறைத்தால், அதற்குத் தேவையான மின்திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். கதவு இறங்க இறங்க விசிறியின் வேகமும் தானாகக் குறையும்படி அமைப்பது இதனால்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் 2002இல் திறக்கப்பட்ட பிரென் ஹால் இன்னொரு வழியைக் காட்டியது. நச்சு வாயு இல்லாத அலுவலக அறைகளுக்கு எதற்கு ஆய்வகக் காற்றோட்டம்? அந்த அறைகளில் ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். திறந்த ஜன்னலை உணர்கருவி கண்டுகொண்டு அந்த அறையின் ஹீட்டரை அணைத்துவிடும். கழிப்பறைகளுக்குச் சுத்திகரித்த கழிவுநீர். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் சான்றை அமெரிக்காவில் முதலில் பெற்ற ஆய்வகக் கட்டடம் இது.

ஆனால், எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும் கதவை இறக்க வேண்டியது மாணவரின் கைதான். ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியல் துறை, கதவை ஒழுங்காக மூடும் ஆய்வுக்குழுக்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு தந்தது. அதனால் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம் என்கிறது பல்கலைக்கழகம்.

புதுக் கட்டடம் கட்டக் கோடிகள் வேண்டும். கதவை இறக்க ஒரு வினாடி போதும். ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.