தீவக வீட்டுக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?

பாட்டுக்கும் கூத்துக்கும் நம் தீவகம் என்றுமே பஞ்சப்பட்டதில்லை. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவில் முழங்கும் நாதசுரமும் தவிலும், ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய ஆடப்பெற்ற தென்மோடிக் கூத்தும், நெடுந்தீவு மூதாட்டியரின் தாலாட்டும் ஒப்பாரியும் இம் மண்ணின் செல்வங்கள். 1990 ஆம் ஆண்டில் போர் காரணமாகத் தீவக மக்களிற் பெருந்தொகையினர் ஊரை விட்டு அகன்றனர். அன்று பாடியவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று முதுமை எய்திவிட்டனர். கேட்கவேண்டிய பேரப்பிள்ளைகளோ ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வளருகிறார்கள்.

இந் நிலையில், வீட்டிலேயே ஓர் அறையை ஒழுங்குசெய்து, ஒரு கணினியையும் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு ஊர்ப் பாட்டுக்களைப் பதிவுசெய்யும் இளைஞர்கள் ஆங்காங்கே தோன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுடைய பெற்றோருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பே. "வீட்டில் பெரிய ஸ்பீக்கர் இருக்கும்போது, பிள்ளை இன்னொரு சோடி கேட்கிறானே, எதற்கு?" என்பதுதான் அது. நியாயமான இக் கேள்விக்கு விடை கூறுவதும், குறைந்த செலவில் எதை வாங்கலாம் என்பதை விளக்குவதும் இக் கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளதை உள்ளபடி

பாட்டுக் கேட்பதற்கென விற்கப்படும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கேட்போரை மகிழ்விப்பதற்காகவே அமைக்கப்படுகின்றன. கீழொலியைச் சற்றுத் தடிப்பாக்கியும், மேலொலியைச் சற்று மினுக்கியும் காட்டுவது அவற்றின் இயல்பு. ஸ்ரூடியோ மொனிற்றர் என வழங்கும் கலையக ஒலிபெருக்கியின் தொழிலோ வேறு. பதிவில் என்ன இருக்கிறதோ அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைப்பதே அதன் கடமை.

இதனால் என்ன வந்துவிடும் எனக் கேட்கலாம். தவில் ஒன்றைப் பதிவுசெய்ததாக வைத்துக்கொள்வோம். கழியால் அடிக்கும் தொப்பி கீழொலியைத் தரும். கூடு அணிந்த விரல்கள் பேசும் வலந்தலை மேலொலியைத் தரும். கீழொலியைத் தடிப்பாக்கும் பெட்டியிற் கேட்டுப் பதிவைச் செப்பம் செய்பவர், தொப்பி அளவுக்கு மிஞ்சியிருப்பதாக எண்ணி அதனைக் குறைத்துவிடுவார். அப் பதிவு கடல்கடந்து போய் வேறொரு வீட்டில் ஒலிக்கும்போது, தவில் தகரம் தட்டியதுபோற் கேட்கும். கீழொலியே எழாத சிறு பெட்டியிற் கேட்டுச் செப்பம் செய்தாலோ பிழை மறுபக்கம் சாயும். தொப்பியை அளவுக்கு மீறி உயர்த்திவிடுவார், அங்கே சன்னல் அதிரும். தவில் வித்துவானை மீண்டும் அழைக்கலாம். எண்பது வயதுப் பாட்டியின் ஒப்பாரியை மீண்டும் பாடச்சொல்வது எல்லோருக்கும் வாய்க்குமா?

பெயர்பெற்ற இரு சிறு பெட்டிகள்

பெரிதாக இருந்தாற்றான் உயர்ந்தது என்னும் எண்ணத்தை இரண்டு சிறிய பெட்டிகளின் வரலாறு மாற்றிவிடும். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தார் 1970 களில் எல்.எஸ்.3/5ஏ என்னும் ஒலிபெருக்கியை உருவாக்கினர். வெளியிட ஒலிபரப்பு வாகனங்களின் ஒடுங்கிய இடத்தில் வைத்துக் கேட்பதற்காகவே அது பிறந்தது. உயரம் ஓரடி மட்டுமே. ஆயினும் மனிதக் குரலை அது இயல்பாக ஒலித்தமையால் உலகெங்கும் பெயர்பெற்றது.

மற்றொன்று யப்பானிய யமாஹா நிறுவனத்தின் என்.எஸ்.10. 1978 இல் வீட்டுப் பாவனைக்கென வெளிவந்தபோது இதனை இரசிகர்கள் பெரிதாக வரவேற்கவில்லை. செவிக்கு இதமாக இல்லை என்பதே குறை. அந்தக் குறையையே ஒலிப்பதிவாளர்கள் குணமாகக் கண்டனர். "இதில் நன்றாகக் கேட்கும்படி செய்துவிட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும்" என்று கூறி, வெண்ணிறக் கூம்புடைய அப் பெட்டியை உலகின் பெருங் கலையகங்களிலெல்லாம் வைத்தனர். 2001 இல் அதன் உற்பத்தி நின்றது.

அளவும் விலையும்

ஒலி நம் வெப்பநிலையில் ஒரு செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் செல்கிறது. செக்கனுக்கு 50 அதிர்வுள்ள கீழொலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர் என்றாகிறது. நம் வீடுகளின் அறை பத்தடி அகலம், அதாவது 3 மீற்றர். அந்த அறையில் 57 அதிர்வை ஒட்டிய ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்று, ஓரிடத்தில் வீங்கியும் வேறோரிடத்தில் மறைந்தும் போகும். எட்டங்குலக் கூம்புடைய பெரிய பெட்டியை இத்தகைய அறைக்குள் கொண்டுவருவது குழப்பத்தைக் காசு கொடுத்து வாங்குவதேயாகும். மூன்றரை முதல் ஐந்து அங்குலம் வரையுள்ள கூம்பே சிற்றறைக்குப் போதுமானது.

எடுத்துக்காட்டாக, பிறிசோனஸ் நிறுவனத்தின் ஈரிஸ் ஈ3.5 மூன்றரை அங்குலக் கூம்புடையது. 80 அதிர்வு வரை இறங்கும். வெளிவந்தபோது ஒரு சோடி 100 அமெரிக்க டொலர் அளவில் விற்றது. குரற் பாட்டுக்கும் பேச்சுக்கும் இது தாராளமாகப் போதும். யமாஹா எச்.எஸ்.5 ஐந்தங்குலக் கூம்பும் 70 உவாற்று வலுவும் கொண்டது. 54 அதிர்வு வரை இறங்கும். ஒன்றின் விலை மட்டும் 200 டொலர் அளவில் இருந்தது. ஜே.பி.எல். 305பி மாக் 2 இன்னுஞ் சற்றுக் கீழிறங்கி 43 அதிர்வை எட்டும். தவிலும் மிருதங்கமும் அடிக்கடி பதிவுசெய்வோருக்கு ஐந்தங்குலமே தகும். இவை யாவும் தம்முள்ளேயே மின்பெருக்கி உடையவையாதலின், வேறு அம்பிளிபயர் வேண்டியதில்லை.

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில ஒற்றையாகவும் சில சோடியாகவும் விற்கப்படும். ஒற்றையின் விலையைச் சோடியின் விலையென மயங்கி முற்பணம் கட்டிவிட வேண்டாம். பழைய சோடியை வாங்குவதாயின், கூம்பின் ஓரத்து இறப்பர் வெடித்திருக்கிறதா, மேலொலிக் குமிழ் உள்நெளிந்திருக்கிறதா எனத் தடவிப் பாருங்கள். பாட்டின்றி வெறுமனே இயக்கி, இரைச்சல் வருகிறதா என்றும் கேளுங்கள்.

அறையே பாதி

எத்துணை நல்ல ஒலிபெருக்கியும் வெறுஞ்சுவர் அறையிற் பொய்யே சொல்லும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். "ரிங்" என்று ஓர் ஓசை தொடர்ந்தால், சீமெந்துச் சுவரும் வழுவழுப்பான தரையும் ஒலியைத் திருப்பி எறிகின்றன என்று பொருள். பனையோலை வேய்ந்த பழைய வீட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒழுங்கற்ற ஓலையடுக்கு ஒலியைச் சிதறடித்து ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஓட்டுக்கும் சீமெந்துக்கும் மாறிய நாம் அதற்கு ஈடுசெய்யத்தான் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தும்பு மெத்தை ஒன்றைச் சுவரோடு நிறுத்தலாம். மூலைகளில் இலவம்பஞ்சுத் தலையணைகளை அடுக்கலாம். பின்சுவரிற் புத்தக அலுமாரி நிற்கட்டும். மெல்லிய பாயும் சேலையும் மேலொலியை மட்டுமே அடக்கும். கீழொலியை அடக்கத் தடிப்பு வேண்டும். முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டுவதாற் பயனில்லை. எங்கே மெத்தை வைப்பது என்றறிய, நீங்கள் இருக்கையில் அமர்ந்துகொள்ள, ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவர் நெடுகிலும் நகர்த்தட்டும். கண்ணாடியில் ஒலிபெருக்கி தென்படும் இடமே மெத்தைக்குரிய இடம்.

ஒலிபெருக்கிகள் இரண்டும் உங்கள் தலையும் மூன்றடிப் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக அமையட்டும். மேலொலிக் குமிழ் செவியின் உயரத்திற்கு வரவேண்டும். பெட்டியை மூலைக்குள் தள்ளினாற் கீழொலி வீங்கும். பன்னிரண்டடி நீள அறையில், முன்சுவரிலிருந்து நாலரையடி தள்ளி அமர்வது நல்ல தொடக்கம்.

மின்சாரமும் உப்புக்காற்றும்

வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் பொருளில் ஓர் ஆபத்து உண்டு. கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, நம்முடையது 230. 120 இற்கென மட்டுமே செய்த பெட்டியை இங்கே செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். பின்பலகையில் 100 முதல் 240 வரை என அச்சிட்டிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வருவதற்குச் செருகியை மாற்றினாற் போதும்.

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களே ஒளி தந்து வந்தன. இத் தீவுகளிலும் அனலைதீவிலும் இந்திய உதவியுடன் காற்றும் வெயிலும் சேர்ந்த மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மின்சாரம் எவ்வழி வந்தாலும், ஏற்றத்தாழ்வைத் தாங்கும் மின்னழுத்தச் சீராக்கி ஒன்று இருப்பது நன்று. "ம்ம்" என்னும் இரைச்சலைத் தவிர்க்க, செருகியின் முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் உள்ள வடத்தை வாங்குங்கள். அதனுள் ஒரே ஒலி இரு கம்பிகளில் எதிரெதிராகச் செல்வதால், வழியில் ஒட்டிய இரைச்சல் முடிவிற் கழிந்துபோகும். ஒலிப்பதிவுக் கருவியும் ஒலிபெருக்கியும் அவ்வகை வடத்தை ஏற்பனவாக இருக்கவேண்டும்.

உப்புக்காற்று செப்பையும் இரும்பையும் அரிக்கும். கடலை நோக்கிய சன்னலருகே ஒலிபெருக்கியை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணியால் மூடிவையுங்கள். குறிகட்டுவானிற் படகேற்றும்போது பெட்டிக்கு மேலே இரண்டு சுற்றுப் பொலித்தீன் சுற்றினால், அலை தெறித்தாலும் கவலையில்லை.

கேட்டு வாங்குங்கள்

கடைக்குப் போகும்போது, நன்கு பழகிய இரண்டு பதிவுகளைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று தனிக்குரல், மற்றொன்று தவிலோடு கூடிய நாதசுரம். பாடுபவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நிற்பதுபோலக் கேட்கவேண்டும். ஒலியைத் தாழ்த்தினாலும் மூச்சு வாங்குவது தெரியவேண்டும். ஆனால், மிகத் தாழ்த்தி வைத்துக் கீழொலியை மதிப்பிட வேண்டாம். தாழ்ந்த ஒலியில் நம் செவிக்குக் கீழொலி குறைவாகவே எட்டும் என்பதைப் பிளெச்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1933 இலேயே காட்டியுள்ளனர். உரத்த பேச்சைவிடச் சற்று மேலான அளவு பொருத்தமானது.

கையிற் பணம் மிகக் குறைவெனின், முதலில் நல்லதோர் ஹெட்போனை வாங்கி வேலையைத் தொடங்கலாம். அறையின் குறை அதனைத் தீண்டாது. ஒலிபெருக்கி வாங்கிய பின்பும் கீழொலியைச் சரிபார்க்க அது துணைநிற்கும். முடிந்த பதிவைக் கைத்தொலைபேசியிலும், முச்சக்கர வண்டியிலும், முடிந்தால் கோயிற் புனல் ஒலிபெருக்கியிலும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றிலும் சொல் தெளிவாக விளங்கினால் பதிவு தேறிவிட்டது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சிறிய சோடி ஒன்றைக் கேட்டால் வீண்செலவென்று தட்டிக்கழிக்காதீர்கள். மெத்தையும் தலையணையும் வீட்டிலேயே இருக்கின்றன; பெட்டிக்கு மட்டும் பணம் சேருங்கள். அது வந்து சேரும்வரை காத்திராமல், இருக்கும் கருவியைக் கொண்டே பாட்டியின் குரலை இன்றே பதிவுசெய்துவிடச் சொல்லுங்கள். செப்பம் செய்வதைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம்.